எல்லைக்குள் ஓடியவள்

எங்கள் வீட்டில் யாருக்கும் நேராகப் பேச வராது. மாமனார் சுப்பராயலு சொல்ல வேண்டியதைக் கோயிலில் அங்காளம்மனிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவார். மாமியார் கிளியம்மாள் அடுப்படியில் பாத்திரங்களோடு சண்டை போடுவார். என் வீட்டுக்காரர் குப்புராஜ் கதவை அறைந்து சாத்துவதோடு சரி. நாத்தனார் தனக்கோடி இருக்கிறாளே, அவள் ஓடுவாள். கோபம் வந்தாலும் ஓட்டம், அழுகை வந்தாலும் ஓட்டம். அஸ்தினாபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்குத்தான் வாய் நீளம் என்று இந்த ஊரே சொல்லும். சொல்லட்டும். சரசு என்றொருத்தி இல்லாவிட்டால் இந்த வீட்டில் நடந்த எதுவும் வெளியே தெரியாமலே போயிருக்கும்.

நான் சொல்லப்போவது தொண்ணூறாம் வருஷத்து மாசியில் நடந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே இரும்புலியூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கொல்லைமேடு. மாசி பிறந்தும் அந்த வருஷம் பனி விடவில்லை. விடிகாலையில் ஏரிக்கரையிலிருந்து கிளம்பி வரும் குளிரில் வாசல் தெளிக்கக் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அந்தக் குளிரில் அரைக்கை பனியனும் முழுக்கால் பேன்ட்டும் மாட்டிக்கொண்டு தனக்கோடி கிளம்பிவிடுவாள். முதலில் ஊர் சிரித்தது. மாவட்டப் போட்டியில் மெடல் வாங்கி வந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டது. அவளுக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டது என்பதால் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருந்தது.

மேடவாக்கத்தில் செங்கல் வியாபாரம் செய்யும் லோகநாதன் என் மாமியாருக்கு அண்ணன் மகன். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத்தான் தனக்கோடி என்று பேச்சு. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் ஓட்டமெல்லாம் கல்யாணத்தோடு சரி என்று நாலு பேரை வைத்துச் சொல்லிவிட்டான். இந்த நேரத்தில்தான் ரயில்வேயில் விளையாட்டு கோட்டாவில் வேலைக்கு ஓட்டக்காரப் பெண்கள் இரண்டு பேரை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. பெரம்பூர் பக்கத்து மைதானத்தில் ஓடிக் காட்ட வேண்டும். என் மாமனார் லோகநாதனுக்கும் வாக்குக் கொடுத்தார், மகளுக்கும் கொடுத்தார். வேலை கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் சித்திரையில் தாலி. ஆக, தனக்கோடியின் மிச்ச வாழ்க்கை அந்த ஓர் ஓட்டத்தில் வந்து நின்றது.

அது நல்லபடியாக முடிய வேண்டும் என்றுதான் மாமனார் அந்தக் காரியத்தைச் செய்தார். அவர் அங்காளம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. அவர் அப்பாவும் தர்மகர்த்தா. மாசி அமாவாசையில் சுடுகாட்டில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கொம்பு முடிந்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டவர்கள் ஒருவேளைதான் சாப்பிட வேண்டும், பாயில்தான் படுக்க வேண்டும், கொள்ளை முடிந்து காப்பு அவிழ்க்கிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டினவருக்கு ஒன்றும் ஆகாதாம், அந்த வீட்டில் யார் பலவீனமோ அவர் தலையில் விடியுமாம். அம்மன் கணக்கு அப்படி. இந்த வருஷம் மாமனார் தன் கையில் கட்டிக்கொண்ட கையோடு, மகளையும் கூப்பிட்டு அவள் கையிலும் கட்டிவிட்டார். வேலை கிடைப்பதற்காக வேண்டுதல். கல்யாணமாகாத பெண்ணுக்குக் காப்புக் கட்டுவது வழக்கமே இல்லை. தர்மகர்த்தா என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. பாசத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷன், வேறு எப்படிக் காட்டுவார்? ஓட்டம் அடுத்த புதன்கிழமை, காப்பு அவிழ்ப்பது அதற்கு முன்னால் திங்கட்கிழமை. எல்லாம் சரியாக வந்தது.

காப்புக் கட்டிய மறுநாள் சாயங்காலம் புஷ்பம் வந்தாள். மேற்குத் தாம்பரத்துப் பெண். தனக்கோடியோடு சேர்ந்து ஓடுகிறவள், அதே வேலைக்குத்தான் அவளும் போட்டி போடுகிறாள். சைக்கிளை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். மைதானத்தில் வேறு ஏதோ போட்டி வருகிறதாம், அதனால் ஓட்டத்தை முன்னாலேயே வைத்துவிட்டார்களாம். இந்த வியாழக்கிழமை காலையில். வராதவர்களுக்கு மறுபடி வைக்க மாட்டார்களாம். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள், சீக்கிரம் முடிந்துவிட்டால் நல்லதுதானே என்று. நாங்கள் யாரும் பேசாததைப் பார்த்துவிட்டுத்தான் தனக்கோடியின் கையைப் பார்த்தாள். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், காப்பு என்றால் அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் எடுத்துச் சொன்னேன்.

"அவுத்துட்டுப் போய்ட்டு வந்து மறுபடி கட்டிக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டாள் புஷ்பம்.

என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

மாமனார் அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. விஷயம் கேள்விப்பட்டு, கோயில் மண்டபத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டுவிட்டார். என் வீட்டுக்காரர் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போகக் கூடாது. ஏனென்றால் வீட்டில் பலவீனமானவள் நான். ஐந்து மாசம். அதற்கு முந்தைய வருஷம் ஒன்று நிலைக்காமல் போயிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால் பதிலுக்குச் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு இந்தக் கட்டு, கயிறு எதிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நம்பிக்கை இல்லை என்று சொல்வது வேறு, அப்படியே நிற்பது வேறு. பயமாக இருந்தது. தனக்கோடி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் போகச் சொன்னால் அவள் போவாள், வேண்டாம் என்றால் நின்றுவிடுவாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குக் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

போகிறாளோ இல்லையோ, ஓட்டத்தை மட்டும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை விடிகாலை எழுந்து கிளம்பினாள். வழக்கமாக ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து வண்டலூர் பக்கம் போய்வருவாள். இப்போது எல்லைக்குள், காப்பன்று எல்லை கட்டி மாமனார் போட்ட எலுமிச்சம்பழங்களை அடையாளம் வைத்து ஓட வேண்டும். ஏரிக்கரை, அங்கிருந்து சுடுகாட்டுப் பாதை, கிழக்கே பழைய களம், வடக்கே புது மனைகள், மறுபடி ஏரிக்கரை. முளையில் கட்டின ஆடு சுற்றுகிற மாதிரி ஊரைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். நான் வடக்குப் பக்கம் கரண்ட் கம்பத்தடியில் துண்டோடு நின்றேன். பனியில் அவள் வருவது தெரியாது, ஷூ சத்தம்தான் முதலில் கேட்கும். டீக்கடையில் இருந்தவர்கள் டிராயரோடு ஓடுகிறாளா பேன்ட்டோடு ஓடுகிறாளா என்று பார்த்த காலம் போய், எல்லையைத் தாண்டுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் வம்பு பிறந்தது. பங்காளி ஜெயவேலு வாயில் வேப்பங்குச்சியோடு வந்து, அவள் தாண்டிவிட்டாள் என்றார். மாமனாருக்கு அண்ணன் தம்பி முறையில் மகனாக வேண்டும் அவர். தாண்டவில்லை, கம்பத்திலேயே திரும்பிவிட்டாள், நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். கம்பம் எல்லையே இல்லை, அதற்கும் உள்ளே பச்சை வீட்டுக் கொல்லையில்தான் எல்லை என்றார் அவர். கூட நின்ற ஒருவர் வாய்க்கால்தான் எல்லை என்றார். வாய்க்காலை எங்கே கண்டார்? அது தூர்ந்து, மேலே வீடு வந்து, வீட்டுக்கு மேலே மாடியும் வந்தாயிற்று.

விஷயம் இதுதான். வடக்கு எல்லையில் முன்னே ஒரு கல் இருந்தது. அது நின்ற நிலம் என் மாமனாருடையது. நெல் போட்ட நிலம். எண்பத்தைந்தில் அதை விற்றார். வாங்கினவர்கள் மட்டப்படுத்தி, மனை போட்டு, ஸ்ரீ அங்காளம்மன் நகர் என்று போர்டு வைத்தார்கள். அம்மன் பெயரை வைத்தவர்கள் அம்மன் எல்லைக்கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டார்கள். மாமனார் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கோயில் சுவரில் சாய்த்து வைத்தார். அதற்கப்புறம் கல் இருந்த இடம் எதுவென்று அவருக்கே குழப்பம். கிட்டத்தட்ட அங்கே ஒரு கரண்ட் கம்பம் நட்டார்கள். அந்த வருஷத்திலிருந்து எல்லை கட்டும்போது கம்பத்துக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டு வருகிறார். நாலு வருஷமாக யாரும் வாய் திறக்கவில்லை. விற்காதவர் யார் இருக்கிறார்கள் கொல்லைமேட்டில், வாய் திறப்பதற்கு?

சாயங்காலம் கோயிலில் கூடினார்கள். தர்மகர்த்தா என்ற முறையில் மாமனார் கம்பம்தான் எல்லை என்று சொன்னார். ஜெயவேலு ஒத்துக்கொண்டார். ஆனால் வியாழக்கிழமை பெண்ணை அனுப்பமாட்டேன் என்று அம்மன் முன்னால் சொல்லச் சொன்னார். அனுப்பினால் ஊருக்குக் கெடுதல், வீட்டில் வாயும் வயிறுமாக ஒரு பெண் இருக்கிறாள், அதையும் யோசிக்க வேண்டும் என்றார். மிரட்டிச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். மாமனார் ஒன்றும் சொல்லாமல் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஊர் அவரவருக்குப் பிடித்த மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டது.

புதன்கிழமை வீட்டில் இருந்த இருப்பைச் சொல்ல முடியாது. தனக்கோடி காலையில் ஓடிவிட்டு வந்து, ஷூவைக் கழுவிக் கொடியில் மாட்டினாள். நாளைக்குப் போகிறவள் மாதிரியும் இருந்தது, இனிமேல் தேவையில்லை என்று காயப்போடுகிற மாதிரியும் இருந்தது. ஒருவேளைச் சோறு, மூன்று நாளாக. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முட்டை அவித்துக் கொடுக்கலாம் என்றால் காப்புக் கட்டினவள், தொட மாட்டாள். பாலையும் வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு ஒரு ஓட்டக்காரி என்ன செய்வாள் என்று நான் வாய்விட்டே திட்டினேன், யாரைத் திட்டுகிறேன் என்று எனக்கே தெரியாமல்.

மத்தியானம் கொல்லைப்புறம் அவளைத் தனியாகப் பிடித்தேன். போய்விட்டு வா என்றேன். என் வயிற்றைப் பார்த்தாள்.

"எதனா ஆச்சின்னா, ஜென்மத்துக்கும் எம் மூஞ்சிய நா பாக்க முடியாது அண்ணி," என்றாள்.

"ஆவாது. ஆனாலும் அது உன்னால இல்ல. போன வருசம் யாரு எல்லையத் தாண்டுனாங்க? எனுக்கு ஆவலையா?"

அதைச் சொன்ன பிறகு இரண்டு பேரும் அழுதோம். அந்த முதல் பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசியது அன்றைக்குத்தான். அழுததில் பயம் கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

சாயங்காலம் மாமனார் குளித்துவிட்டுச் சாப்பிட வந்தார். ஒருவேளைச் சோறு அவருக்கும். இலை போட்டாயிற்று. மாமியார் சோற்றுப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாரே தவிரப் பரிமாறவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"கல்லு நின்ன எடத்த வித்தது நீ," என்றார். "வித்துட்டுதான் இந்த மாடிய எழுப்பின. கல்லக் கொண்டாந்து செவுத்துல சாச்சிட்டு, கரண்ட் கம்பத்துக்குப் பொட்டு வெச்ச. அம்மா எதனா கேட்டாளா? நீ வித்தா எல்லை நவுரும். எம் பொண்ணு ஓட்றதுக்கு மட்டும் நவுராதா?"

மாமனார் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து, கை கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். சாப்பிடாத கையை எதற்குக் கழுவினார் என்று தெரியவில்லை. மாமியார் பானையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். தனக்கோடி கொடியிலிருந்து ஷூவை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். காலையில் முதல் வண்டிக்கே கிளம்புவது என்று முடிவாயிற்று. துணைக்கு நான். என் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றார். என்னைத் தடுக்கவும் இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிய வெகுநேரம் இருக்கும்போதே கிளம்பினோம். பனி அப்படிக் கொட்டியது. ஸ்வெட்டர் மேல் என் பழைய சால்வையைப் போர்த்தி அவளை நடத்திக் கூட்டிப்போனேன். கோயில் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு புது மனைகளுக்குள் புகுந்தோம். கம்பத்தை நெருங்கும்போதுதான் பார்த்தோம், அதன் கீழே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். வேட்டி, வெறும் உடம்பில் துண்டு, கையில் மூங்கில் கூடை. என் மாமனார்.

தனக்கோடி நின்றுவிட்டாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பெற்ற பெண்ணை வழி மறிக்கக் குளிரில் வந்து காத்திருக்கிற மனுஷனை என்ன சொல்வது? மாமனார் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் திரும்பி, கம்பத்தைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். எங்களைக் கூப்பிடவில்லை. அவர் கையிலும்தான் காப்பு இருக்கிறது. அது எனக்கு உறைப்பதற்கே சற்று நேரம் பிடித்தது. தனக்கோடிக்கு உடனே புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

அவர் முன்னே, நாங்கள் பின்னே. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் ஸ்டேஷன் வரை நடந்தோம். புஷ்பம் பிளாட்பாரத்தில் இருந்தாள். வண்டியில் மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே எலுமிச்சம்பழம், குங்குமம், வேப்பிலை, கற்பூரம். சானடோரியம் ஸ்டேஷனில் ஏறின ஆபீஸ்காரர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர் மனிதர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் உதடு முணுமுணுத்தது. மன்னிப்புக் கேட்டாரோ, வழி சொல்லிக் கூட்டிப்போனாரோ. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலுக்கு மாறி, பெரம்பூர் போய்ச் சேர்வதற்குள் என் அடிவயிறு இரண்டு தடவை இழுத்துப் பிடித்தது. யாரிடமும் சொல்லவில்லை. வெளிறிப்போயிருந்தேன் என்று பிற்பாடு புஷ்பம் சொன்னாள்.

மைதானத்து கேட்டில் காக்கி போட்ட காவலாளி நின்றார். மாமனார் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தரையைத் துண்டால் தட்டி, வேப்பிலை வைத்து, கற்பூரம் ஏற்றினார். பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கத்துத் தூணடியிலும் வைத்தார். காவலாளி என்ன இது என்று கேட்டார்.

"எல்லை கட்றேன் சார்," என்றார் மாமனார். பிறகு முதல் தடவையாக மகளைப் பார்த்தார். "நா கட்ற எடம் எல்லை. இந்த மைதானமும் அதுக்குள்ளதான். நீ இன்னும் தாண்டல. போய் ஓடு."

தனக்கோடி குனிந்து அவர் காலைத் தொட்டாள்.  கற்பூரம் அணைகிறவரை காவலாளியும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். பத்துப் பன்னிரண்டு பெண்கள். முதல் சுற்றில் தனக்கோடி நடுவில் இருந்தாள். இரண்டாவதில் முன்னே வந்தாள். மஞ்சள் கயிறு கட்டின அந்தக் கையை மட்டும்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் புஷ்பம் முதல், தனக்கோடி இரண்டாவது. இரண்டு பேரைத்தானே எடுக்கப்போகிறார்கள். நான் கத்தினேன். மாமனார் கேட்டுக்கு வெளியே, கம்பிக்குள் விரலைக் கோத்துக்கொண்டு நின்றார். கட்டின எல்லைக்குக் காவல் மாதிரி, உள்ளே வரவில்லை அவர். கடைசி வளைவில் ஆவடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண், நெட்டையாக, அதுவரை கண்ணிலேயே படாதவள், வெளிப்பக்கமாக வந்து தனக்கோடியைக் கடந்தாள். ஓர் ஆள் அகலம்கூட இருக்காது. தனக்கோடி கழுத்தை எக்கினாள், கையை வீசினாள், கால் மட்டும் கூட வரவில்லை. மூன்றாவதாக வந்தாள்.

அவள் அழவில்லை. புல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பம்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெயித்தவள் அழுகிறாள், தோற்றவள் முதுகைத் தட்டிக்கொடுக்கிறாள், எனக்கு யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த மூன்று நாள் சோறு, அந்த மூன்று நாள் தூக்கம், அதைக் கொடுத்திருந்தால் போதுமே என்று வயிறெரிந்தது. அங்காளம்மனைக்கூடக் கேட்டேன், உனக்கு இவளிடம் என்ன வேண்டியிருந்தது என்று.

திரும்பும்போது வண்டியில் கூட்டமில்லை. மாமனார் வெறும் கூடையோடு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிண்டி தாண்டின பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அடுத்த தபா எப்ப வெப்பாங்க?"

"அடுத்த வருசம்பா," என்றாள் தனக்கோடி. "வயசு தாண்டாது. அது ஒண்ணுதான் கடைசி."

"சர்தான். மேடவாக்கத்துக்குச் சொல்லி அனுப்பிட்றேன்."

"இன்னான்னு மாமா?" என்று நான்தான் கேட்டேன், பெண் கேட்க மாட்டாள் என்று.

"வேற எடம் பாத்துக்கச் சொல்லி."

அதற்குப் பிறகுதான் தனக்கோடி அழுதாள். சால்வையை முகத்தோடு இழுத்துக்கொண்டு தாம்பரம் வரைக்கும் அழுதாள். அவர் தேற்றவில்லை. கூடையை ஓரமாக வைத்துவிட்டு, எழுந்து வந்து எங்கள் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

ஊரில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. கோயில் வாசலில் பங்காளிகள் நின்றிருந்தார்கள். மாமனார் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே கோயில் சாவியை ஜெயவேலு கையில் கொடுத்துவிட்டார். எல்லையை நான் கட்டிக்கொண்டுதான் போனேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் அவர் பக்கம் நின்றிருப்பார்கள். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சிவராத்திரிக்கு ஊரோடு ஊராகக் கடைசியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். தலைமுறையாக வாங்கின முதல் மரியாதை வேறு கைக்குப் போனது. அன்றைக்கெல்லாம் அவர் துண்டைத் தோளில் போட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு திரிந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் ஆச்சரியம். என்னைத் தாம்பரத்தில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்க் காட்டினார். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அந்தம்மா சொன்னதும், வெளியே வந்து, தங்கச்சிக்கு வேறு ஷூ வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மயானக் கொள்ளை. பொழுது சாயும் நேரத்தில் பம்பை உடுக்கை எல்லாம் தயாராக நின்றது. சுடுகாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் மறுபடி ஒரு தடவை நாலு திசையிலும் எல்லை கட்ட வேண்டும். அதைத் தர்மகர்த்தா ஒருத்தர்தான் போய்ச் செய்வார். அந்த நேரம் ஊரில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வோம், யாரும் எதிரே வரவும் கூடாது, பார்க்கவும் கூடாது. அதனால் வடக்குக் கம்பத்தைத் தவிர மற்ற மூன்று இடமும் என் மாமனாரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை வைத்த எலுமிச்சம்பழமெல்லாம் இதற்குள் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப்போயிருந்தன.

ஜெயவேலு கூடையும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் தீவட்டியோடு ஊர் ஆண்கள். மாமனார் படியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பொம்பிளைகளும் உள்ளே நடையில் நின்றோம். இத்தனை பேர் முன்னால் கேட்பது ஜெயவேலுவுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"பெரீப்பா, எல்லை எங்கெங்க கீதுன்னு நீதான் காட்டணும்," என்றார்.

வந்து காட்டுவார், அதோடு சாவியும் திரும்பி வரும் என்றுதான் நான் நினைத்தேன். ஊரும் அதைத்தான் நினைத்தது. ஜெயவேலுவின் இன்னொரு கையில் சாவிகூட இருந்தது. மாமனார் எழுந்திருக்கவில்லை.

"என்னக் கேக்காத. எம் பொண்ணக் கேளு," என்றார். "வாரம் பூரா பழத்துக்குப் பழம் ஓடித் திரும்பினவ அவதான். ஒரு தபா தாண்டல."

 பெண் போய் எல்லை காட்டுவதா என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன், பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஜெயவேலு கூடையைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், பிறகு உள்ளே பார்த்து, வாம்மா என்று கூப்பிட்டார். தனக்கோடி காலைக் கழுவிக்கொண்டு, புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். ஏரிக்கரைப் பக்கம் அவள் முன்னால் நடந்தாள். கூடையோடு அவர் பின்னால் போனார்.

ஊர் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. மாமனார் உள்ளே வந்து எங்கள் கதவையும் சாத்தித் தாழ் போட்டார். எல்லை கட்டுகிற நேரத்தில் அவர் வீட்டுக்குள் இருந்தது அதுதான் முதல் தடவை. எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களோடு மூன்றாவது ஆளாக நடையிலேயே சுவரோரம் நின்றுகொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"களத்துப் பக்கம் ஒரு பள்ளம் கீது," என்றார் என்னிடம். "இருட்டுல அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா," என்றேன்.